செல்லப்பனும் கனகவல்லியின் சாய்ந்த தரையும்

ஏம்பலத்தில் உள்ள கனகவல்லி திருமண மண்டபத்தின் வாசலில் நின்று ஓர் எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தால், யாரும் தள்ளாமலே அது உருள ஆரம்பிக்கும். அவசரப்படாது. நடுவில் ஒரு வெடிப்பில் கொஞ்சம் தயங்கும், மறுபடி கிளம்பும், கடைசியில் மணமேடையின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் மண்டபத்தைத் திறந்ததும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் என் மாமனார் செல்லப்பன் டீ குடிக்கப் போவார். ஊரில் எல்லாரும் தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் சமமாகிவிடவில்லையே என்று பார்த்தார்.

போன மாதம் அவர் போய்விட்டார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தத் தரையிலிருந்துதான் ஆரம்பிக்க முடிகிறது.

மண்டபம் ஆவதற்கு முன்னால் அது கனகவல்லி டாக்கீஸ். கட்டியவர் ராசு, வில்லியனூரில் மளிகை மண்டி வைத்திருந்தவர். புதுச்சேரி டவுனில் இருந்த தியேட்டர்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, நெல் வயலுக்கும் கரும்புக்கும் நடுவே அவற்றைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டி, தன் அம்மா பெயரை வைத்தார். முகப்பில் நான்கு பெரிய தூண்கள், தூண்களுக்கு மேல் இரண்டு சிங்கங்கள். சிங்கம் செய்த கொத்தனார் சிங்கத்தைப் பார்த்ததில்லை. தன் வீட்டு நாயைப் பார்த்திருந்தார். அதனால் இரண்டும் கொஞ்சம் வாலாட்டத் தயாராக இருப்பது போலவே இன்றும் உட்கார்ந்திருக்கின்றன.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு ஊர்க்காரர்கள் வீட்டில் "பாண்டிக்குப் படம் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி ஏம்பலத்தில் வந்து இறங்குவார்கள். கரும்பு வெட்டும் மாதங்களில் ஆளுக்கொரு கரும்போடு உள்ளே வருவார்கள். இடைவேளைக்குள் தரை முழுக்கச் சக்கை. சண்டைக் காட்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் கடிக்கிற சத்தத்தில் வசனம் கேட்காது என்று மாமா சொல்வார். அவர் அங்கே கேட்டில் டிக்கெட் கிழிப்பவராகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர். மேனேஜர் ஆன பிறகும் கையிலிருந்த டார்ச் லைட்டை அவர் கீழே வைக்கவில்லை.

எல்லாத் தியேட்டரிலும் போலத் திரைக்குப் பக்கத்தில், பள்ளத்தில், தரை டிக்கெட். அதற்குப் பின்னால் பெஞ்ச். எல்லாவற்றுக்கும் பின்னால், மேட்டில், சேர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த வம்பு எல்லாம் இதிலிருந்து வந்தது.

டிவியும் செல்போனும் வந்து தியேட்டரை மூடிய கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் அதே கதைதான். ராசு இறந்த பிறகு அவர் மகன் முத்துக்குமரன் அதைக் கல்யாண மண்டபமாக மாற்றினார். நாற்காலிகளைப் பிடுங்கினார்கள். திரை இருந்த இடத்துக்கு முன்னால் மேடை கட்டினார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை போட்டுச் சாப்பாட்டுக் கூடம் ஆக்கினார்கள். கடைசியாகத் தரையை நிரவுவதற்குக் கொத்தனார் வந்தபோது மாமா குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, தரைய மட்டும் தொடாத."

"ஏண்ணே? சாஞ்ச தரையில கல்யாணம் பண்ணுவாங்களா?"

"கல்யாணம் முடிஞ்சா கழுவி வுடணுமா இல்லியா? மேல நின்னு ரெண்டு பக்கெட் ஊத்துனா போதும், தானா கீழ ஓடிடும். சமமா இருந்தா தள்றதுக்கு நாலு ஆளு வேணும்."

முத்துக்குமரன் மளிகைக்காரர் மகன். நாலு ஆள் என்றதும் கொத்தனாரை அனுப்பிவிட்டார்.

உண்மையான காரணத்தை மாமா வீட்டில் மட்டும் சொன்னார். என் மாமியார் வள்ளியம்மாள் அதை எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"சேரைத் திரும்பப் போட்டுக்கலாம். திரையத் திரும்ப வாங்கிக்கலாம். தரைய நெரவிட்டா அப்புறம் அது தியேட்டரா? வெறும் ஹாலு."

"இனிமே எவன் வரான் இங்க படம் பாக்க?"

"வருவான், வுடு."

"வரப்போ என்ன எழுப்பு" என்று சொல்லிவிட்டு அத்தை திரும்பிப் படுத்துக்கொள்வாராம்.

சாய்ந்த தரையில் கல்யாணம் நடத்துவது எப்படி என்பதை மாமா நடத்தி நடத்தித்தான் கற்றுக்கொண்டார். முதல் கல்யாணத்தில் சீர்த்தட்டிலிருந்து ஒரு தேங்காய் தவறி, பெண் வருவதற்கு முன்னால் மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆள் கனத்துக்குத் தகுந்தாற்போல மெல்ல நகரும். காலையில் ஒழுங்காகப் போட்ட வரிசை முகூர்த்த நேரத்தில் வாய்க்கால் வரப்பு போல வளைந்திருக்கும். மாமா ஒரு சாக்கு நிறையச் சின்ன மரத்துண்டுகளை அறுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்கால்களின் அடியில் சொருகினார்.

மரத்துண்டால் தீராத தொல்லை ஒன்று இருந்தது. யாரும் முன்னால் உட்கார மாட்டார்கள். மற்ற மண்டபங்களில் முன்வரிசைக்கு அடித்துக்கொள்வார்கள். கனகவல்லியில் பெரிய மனுஷர்கள் எல்லாரும் உள்ளே வந்ததும் நேராகக் கடைசி வரிசைக்குப் போவார்கள். அதுதான் சேர். முன்னால் இருப்பது தரை டிக்கெட். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கடைசி வரிசை யாருக்கு என்று சண்டை போடுவார்கள். மேடைக்கு எதிரே பத்து வரிசை காலியாகக் கிடக்கும். கல்யாண வீடியோவைப் பார்த்தால் யாருமே வராத கல்யாணம் போல இருக்கும்.

"சம்மந்தி, முன்னால வாங்க" என்று கூப்பிட்டால், "நான் இன்னா தரை டிக்கெட்டா?" என்பார்கள். இளவட்டங்களுக்கு இது புரியாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

புகார்கள் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் முத்துக்குமரனுக்குப் பொறுமை போய்விட்டது. டைல்ஸ் போட ஆளைப் பேசிவிட்டார். மாமா மண்டிக்கே போய் அவர் எதிரில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மூட்டை இறக்குகிறவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

கடைசியில் முத்துக்குமரன்தான் இறங்கி வந்தார். "செல்லப்பண்ணே, ஒரே ஒரு கல்யாணம். தரையப் பத்தி யாரும் ஒரு வார்த்த சொல்லாம நடத்திக் காட்டு. காட்டிட்டா நீ இருக்கிற வரைக்கும் நான் அந்தத் தரையத் தொடல."

"எந்தக் கல்யாணம்?"

"நீயே சொல்லு."

"எம் பையன் கல்யாணம்."

"உம் பையனுக்குப் பொண்ணு பாத்தாச்சா?"

"பாத்துடுவேன்."

அப்படித்தான் பாகூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தார்கள். எம்.காம். முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, என்னை இவ்வளவு அவசரமாகப் பெண் பார்க்க வந்ததற்குக் காரணம் ஒரு தரை என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. மாப்பிள்ளை ராஜ்மோகன் என்னைப் பார்த்தார். அத்தை என் ஜாக்கெட் தையலைப் பார்த்தார். மாமா எங்கள் கூடத்துத் தரையைப் பார்த்தார்.

"நல்லா சமமா இருக்குது" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

பிறகு என் அம்மாவிடம், வேறு எந்தச் சம்பந்தியும் கேட்டிருக்க மாட்டாத ஒரு கேள்வி கேட்டார். "உங்க சொந்தத்துல கல்யாணத்துக்குப் போனா குத்தம் சொல்றவங்க யாராவது இருக்காங்களா?"

அம்மா சிரித்துவிட்டாள். "எங்க அண்ணன் ஒருத்தர் போதும்."

என் தாய்மாமன் குழந்தைவேலுக்கு நிலமும் கரும்பும் உண்டு, எதையும் நல்லதென்று ஒப்புக்கொள்ளாத நாக்கும் உண்டு. தன் கல்யாணத்திலேயே பாயசம் நீர்த்திருந்தது என்று சொன்னவர். அவர் பெயரைக் கேட்டதும் மாமா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்து, அது நகருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் மேட்டில்தானே உட்கார வேண்டும் என்கிறார்கள்? அப்படியானால் மணவறையை மேட்டுக்கே கொண்டுவந்துவிடலாம். மேடையை விட்டுவிட்டு, வாசல் பக்கத்தில் மணவறை போட்டு, நாற்காலிகளை எல்லாம் அதைப் பார்த்துத் திருப்பிப் போட்டால், முன்வரிசைதான் சேர். பெரிய மனுஷர்கள் முன்னால் இருப்பார்கள், வீடியோ நிறைந்திருக்கும், நாற்காலியும் முன்னால் நகராது. அத்தையிடம் சொல்லும்போது அவர் கை டார்ச்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து விளையாடியதாம்.

எல்லாம் அவர் நினைத்தபடிதான் நடந்தது. குழந்தைவேல் மாமா உள்ளே வந்தார், வழக்கமான இடத்துக்குப் போனார், அது முன்வரிசையாக இருப்பதைப் பார்த்தார், குற்றம் எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்தார். பக்கத்தில் முத்துக்குமரன், காதைத் தீட்டிக்கொண்டு. நல்ல பகலில், டியூப் லைட் வெளிச்சத்தில், மாமா டார்ச் அடித்து எல்லாருக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

அவர் யோசிக்காதது ஒன்றுதான். மேட்டைப் பார்த்துப் போட்ட நாற்காலி பின்பக்கம் சாயும். லேசாகத்தான் சாயும், ஈஸிசேர் மாதிரி. விடிகாலையில் எழுந்து, வேனில் குலுங்கி வந்து, இட்லியும் பொங்கலும் சாப்பிட்ட ஆண்களுக்கு அது போதும். நான் கூரைப் புடவை கட்டிக்கொண்டு மணவறைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோது ஆண்கள் பக்கம் முழுவதும் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நாதஸ்வரத்துக்கு நடுவே குறட்டை கேட்டது.

"பொண்ணுக்கு மாமன் எங்க? வந்து பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. நல்ல நேரம் முடியப் போவுது" என்றார் ஐயர்.

குழந்தைவேல் மாமாவைக் கூப்பிட்டார்கள். அசையவில்லை. தோளைத் தொட்டார்கள். "தண்ணி பாஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். இன்னொருத்தர் போய் உலுக்கினால் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொண்டால் தரையில் ஆரம்பித்துக் கூரை வரைக்கும் திட்டுவார். மாமா விறுவிறுவென்று சுவரோரம் போனார். அங்கே தியேட்டர் காலத்து மணியின் பித்தான் இருந்தது. மூடிய நாளிலிருந்து யாரும் அதை அமுக்கியதில்லை. ஆனால் ஒயர் போகாமல் மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுக்கினார்.

அந்தச் சத்தத்தை நான் முதல்முறை அன்றைக்குத்தான் கேட்டேன். நீளமாக, கரகரவென்று, காதுக்குள் சரளைக்கல் கொட்டுவது போல. ஆண்கள் பக்கம் மொத்தமும் கண்ணைத் திறந்தது. எழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டியது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக வரிசையாக வெளியே போனது.

இடைவேளை மணி என்றால் டீக்கு ஓட வேண்டும், முந்தினால்தான் முறுக்கு கிடைக்கும் என்று அத்தனை வருஷம் பழகிய கால்கள். தலைக்குச் செய்தி போவதற்கு முன்னால் அவை கிளம்பிவிட்டன. குழந்தைவேல் மாமா முன்னால் போனார். அவருக்குப் பின்னால், அந்தத் தியேட்டரிலேயே வளர்ந்த முத்துக்குமரனும் போனார்.

பெண்கள் ஒருத்தியும் எழவில்லை. அவர்களுக்கு இடைவேளையில் எழுந்து பழக்கமில்லை. எழுந்தால் இடம் போய்விடும்.

"இன்னாங்க இது?" என்றார் ஐயர்.

"இன்டர்வெல்" என்றார் அத்தை.

நேரம் நிற்காது. மாமன் நிற்க வேண்டிய இடத்தில் என் அம்மா நின்றாள். ராஜ்மோகன் தாலி கட்டினார். பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும் அட்சதை வந்து விழுந்தது. அதில் பாதி சரிவில் உருண்டு திரைப் பக்கம் போய்விட்டது. ஐயரையும் மாமாவையும் மேளக்காரர்களையும் விட்டால் ஆண் சாட்சி யாரும் இல்லை.

கெட்டிமேளம் கேட்டதும் வெளியே டீக்கடையில் நின்றவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். குழந்தைவேல் மாமா ஒரு கையில் டீ கப்பும் மறு கையில் முறுக்குமாக வேகமாக உள்ளே வந்தார். என் கழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, கட்டியாச்சா?"

"ஆச்சு மாமா."

அவர் முகம் சிவந்தது. என் மாமனாரைப் பார்த்துத் திரும்பினார். முத்துக்குமரனும் பின்னாலேயே வந்து நின்றார். மாமா டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இப்போது தரை என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

"சம்மந்தி, தாலி கட்டற நேரத்துல இடைவேள வுட்டா இன்னா அர்த்தம்?"

"தப்புதாங்க."

"மாமன் இல்லாம ஒரு கல்யாணமா? திரும்பக் கட்டச் சொல்லுங்க."

"முடிஞ்ச ரீலுங்க. திருப்பி ஓட்ட முடியாது."

யாரோ ஒரு பெண் சிரித்தாள். குழந்தைவேல் மாமா இன்னும் சூடானார். மணி நாராசம் என்றார். டீயில் சர்க்கரை இல்லை என்றார். முறுக்கு நமுத்துப் போயிருக்கிறது என்றார். நாதஸ்வரக்காரர் எந்த ஊர், யார் கூட்டி வந்தது, அவர் ஊதியது எந்த ராகத்திலும் சேராது என்றார். சிங்கத்துக்கு நாய் மூஞ்சி என்றார். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார் குழந்தைவேல் மாமா. சாய்ந்தார். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"சேரு மட்டும் நல்லா வாகா இருக்குது. எங்க வாங்கனீங்க?"

"நம்ம வில்லியனூர்லதாங்க" என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் குழந்தைவேல் மாமா வாயால் பாராட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த நாற்காலி. ஊருக்குப் போய் அதே மாதிரி ஆறு வாங்கி, தன் வீட்டில் போட்டு, அவை சாயவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனது வேறு கதை.

முத்துக்குமரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காப்பாற்றாமல் என்ன செய்வது, அவர் கையிலும் முறுக்கு இருந்தது. ஆனால் மணவறை பழையபடி மேடைக்கே போக வேண்டும், எந்தக் காலத்திலும் மணியைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார். மாமா மறுபடி மரத்துண்டுச் சாக்கை எடுத்தார். அவர் மண்டியிட்டு நாற்காலிகளுக்கு முட்டுக் கொடுப்பதை அதன் பிறகு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படம் திரும்ப வருமா மாமா என்று ஒருநாள் கேட்டேன். "வராட்டி போவட்டும், வந்தா எடம் வேணுமில்ல?" என்றார். நான் அந்தத் தியேட்டரில் ஒரு படமும் பார்த்ததில்லை.

போன மாதம், காலையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு டீக்கடைக்குப் போனவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். டீ வரவில்லை என்று கோபித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பதாகத்தான் கடைக்காரர் முதலில் நினைத்தாராம்.

கருமாதிச் சாப்பாட்டைக் கனகவல்லியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முத்துக்குமரன்தான் சொன்னார். கல்யாணம் நடக்கிற இடத்தில் கருமாதியா என்று ஊரில் பேசினார்கள். அத்தை அதற்கு, "அந்தத் திரையில எத்தினி பேரு செத்தாங்க. அப்பல்லாம் தீட்டு இல்லியா?" என்று கேட்டார். பேச்சு நின்றது.

மேடையில் மாமாவின் படத்தை மாலை போட்டு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தார்கள். முத்துக்குமரனோடு டேப்பும் கையுமாக ஓர் ஆள் வந்து ஓரமாக நின்றிருந்தார். டைல்ஸ்காரர் என்று ராஜ்மோகன் என் காதில் சொன்னார். மாமா இருக்கிற வரைக்கும் என்பதுதானே பேச்சு. அதில் தப்புச் சொல்ல முடியாது. அத்தையும் அந்த ஆளைப் பார்த்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. முட்டுக் கொடுக்க யாருக்கும் நினைவில்லை. குழந்தைவேல் மாமா உட்கார்ந்தபடியே மெல்ல, கௌரவமாக, பெஞ்ச் பகுதிக்கு இறங்கிக்கொண்டிருந்தார். காலை ஊன்றிப் பார்த்தார், நிற்கவில்லை. முத்துக்குமரனும் தன் நாற்காலியோடு அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அத்தை எழுந்து மேடைக்கு அடியில் கை விட்டுச் சாக்கை இழுத்தார். ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து, காலைத் தூக்கச் சொல்லி, முட்டுச் சொருகிக்கொண்டே போனார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். முத்துக்குமரனின் நாற்காலிக்கு வந்தபோது அவர் எழுந்துவிட்டார்.

"அண்ணி, நீங்க உக்காருங்க. குடுங்க இப்படி."

"உனுக்குத் தெரியாது தம்பி. முன்கால்ல வெக்கணும்."

"தெரியும், குடுங்க."

வெள்ளை வேட்டியோடு மண்டியிட்டு அவரே மீதி வரிசைகளுக்கும் சொருகினார். முடித்துவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது டேப்காரர் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அளவு எடுத்துக்கட்டுமா?"

முத்துக்குமரன் சாக்கை மடித்து மேடைக்கு அடியில், இருந்த இடத்திலேயே வைத்தார். "சாப்ட்டுட்டுக் கெளம்புப்பா. இன்னொரு நாள் சொல்லி அனுப்பறேன்."

இதுவரை சொல்லி அனுப்பவில்லை.

சாப்பாடு தயார் என்று பின்னாலிருந்து சொன்னார்கள். எல்லாரும் முதலில் எழத் தயங்கினார்கள். அத்தை சுவரோரம் போய் முந்தானையால் பித்தானைத் துடைத்தார். முத்துக்குமரனை ஒருமுறை பார்த்தார். அமுக்கினார். கரகரவென்று அந்தச் சத்தம் வந்ததும் ஆண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு நொடி, மாமாவுக்கு மரியாதை செய்வதற்காக நிற்பது போலத்தான் இருந்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்குப் போனார்கள். குழந்தைவேல் மாமா முன்னால், முத்துக்குமரன் பின்னால்.

அத்தை முன்வரிசையில், மாமா படத்துக்கு நேர் எதிரே, தரை டிக்கெட்டில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"சாப்பிட வாங்க அத்தை."

"நீ போயி சாப்ட்டு வா, பிரியா" என்றார். "நான் எடத்தப் பாத்துக்கறேன்."